தமேல்: அங்காடித் தெருவும் ஐந்நூறாண்டு அமானிதமும்



இமயமலையின் மடியிலுள்ள காத்மாண்டு நகருக்குச் செல்லும் வெளிநாட்டுப் பயணிகளில் பெரும்பாலோர் தங்குவதும் பொருள் வாங்குவதும் தமேல் என்னும் பகுதியில்தான். குறுகிய தெருக்களின் இருமருங்கிலும் மலையேற்றக் கருவிகள், கம்பளி ஆடைகள், பஷ்மினா சால்வைகள், உலோகக் கிண்ணங்கள், குக்ரி கத்திகள் விற்கும் கடைகள் நெருங்கி நிற்கின்றன. மேல்மாடங்களில் விடுதிகளும் உணவகங்களும் உள்ளன. இரவு தொடங்கியதும் இசையரங்குகளும் மதுக்கூடங்களும் நடனக்கூடங்களும் விழித்துக்கொள்கின்றன. அங்குச் சென்று திரும்பும் நம்மவர் இரு வகையாகப் பேசக் கேட்கிறோம். ஒரு சாரார் மலிவாக வாங்கிய பொருள்களைப் பட்டியலிடுகின்றனர். மற்றொரு சாரார், 'அது பாவங்கள் மலிந்த தெரு. முஸ்லிமுக்கு அங்கே என்ன வேலை?' என்று வினவுகின்றனர்.

அவ்வினாவுக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. தமேலிலிருந்து தெற்கு நோக்கி இருபது நிமிடம் நடந்தால் ராணி போகரி என்னும் குளமும், அதன் எதிரே கண்டாகர் என்னும் மணிக்கூண்டும், அதனருகே இரண்டு பள்ளிவாசல்களும் உள்ளன. அப்பள்ளிவாசல்கள் அங்கே எழுந்ததற்கு முதற்காரணம் காத்மாண்டுவின் அங்காடி. முஸ்லிம்கள் அந்நகரில் வேரூன்றியது வணிகத்தால். அவர்களை அங்கே நிலைநிறுத்தியது நம்பகத்தன்மை என்னும் அமானிதம். அந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயருக்குப் பின்னால் ஒரு வணிகன்

தமேல் என்னும் பெயர் 'தம் பஹி' என்னும் பழைய பௌத்த மடத்தின் பெயரிலிருந்து பிறந்தது என்பர். அம்மடம் இன்றும் அத்தெருக்களின் நடுவே இருக்கிறது. விக்கிரமசீல மகாவிகாரம் என்பது அதன் மற்றொரு பெயர். 11ஆம் நூற்றாண்டில் திபெத்துக்குச் செல்லும் வழியில் வங்காளத்துப் பௌத்த அறிஞர் அதீசர் நேபாளத்தில் தங்கினார். அவரோடு இம்மடத்தைத் தொடர்புபடுத்துவது அவ்வூர் மரபு.

அம்மடத்தோடு இணைந்த மற்றொரு தொன்மக் கதை நம் சிந்தனைக்குரியது. சிங்களன் என்னும் பெயருடைய வணிகச் சாத்தின் தலைவன் 500 தோழர்களுடன் பொருளீட்டப் புறப்படுகிறான். சென்ற இடத்தில் அழகிய பெண்களின் உருவில் இருந்த அரக்கியரிடம் அனைவரும் மயங்குகின்றனர். உண்மை அறிந்த தலைவன் தோழர்களை எச்சரித்துத் தப்பியோடுகிறான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. தோழர்கள் திரும்பிப் பார்த்து அழிகின்றனர். அவன் ஒருவனே ஊர் திரும்புகிறான். பழைய பௌத்த நூல்களில் இக்கதை நிகழும் இடம் இலங்கைத் தீவு. காத்மாண்டுவின் நேவார் மக்களோ அதைத் திபெத்துக்கு வணிகம் செய்யச் சென்றவனின் கதையாக மாற்றிக்கொண்டனர். ஏனெனில் அவர்கள் வீட்டு ஆண்கள் பொருள் தேடிச் சென்ற தொலைதூர நகரம் லாசாவாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் திரும்பாத கணவனையும் மகனையும் எண்ணி அவ்வூர்ப் பெண்கள் கவலையுற்றனர்.

கதையின் சமயப் பின்னணி நம்முடையதன்று. எனினும் அது ஒரு செய்தியைத் தெளிவாக உணர்த்துகிறது. சந்தையும் சபலமும் அருகருகே இருக்கும் என்பதைத் தமேல் மக்கள் மதுக்கூடங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

படை வந்து போயிற்று. வணிகர் வந்து தங்கினர்

முஸ்லிம் பெயர் தாங்கிய ஒரு கூட்டம் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் முதன்முதலாகப் பெரிய அளவில் நுழைந்த நிகழ்ச்சி மகிழ்ச்சிக்குரியதன்று. 1349ஆம் ஆண்டில் வங்காளத்துச் சுல்தான் ஷம்சுத்தீன் இல்யாஸ் ஷாவின் படை பள்ளத்தாக்கைத் தாக்கியது. சுயம்பு தூபிக்கு நேர்ந்த சேதமும் பின்னர் நடந்த திருப்பணியும் அங்குள்ள கல்வெட்டில் பதிவாகியுள்ளன. படை சில நாள்களில் திரும்பிச் சென்றது. அது விட்டுச் சென்றவை எரிந்த கட்டடங்களும் கசப்பான நினைவும் மட்டுமே. ஒரு தொழுகையிடமோ ஒரு குடும்பமோ அதனால் அங்கே நிலைபெறவில்லை. நம் வரலாற்றைச் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்வதே நீதி.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வேறு வகை மனிதர்கள் வந்தனர். ரத்ன மல்லர் என்னும் மன்னர் காத்மாண்டுவை ஆண்ட காலத்தில், அதாவது 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், காஷ்மீரத்து முஸ்லிம் வணிகர்கள் அங்கே குடியேறினர் என்பது நேபாள மரபு. அவர்களிடம் படையில்லை, மூட்டைகள் இருந்தன. காஷ்மீரம், லடாக், லாசா, காத்மாண்டு, பாட்னா என்று நீண்ட வணிகப் பாதையில் அவர்கள் கம்பளியும் கஸ்தூரியும் துணியும் கொண்டு சென்றனர். அவர்களுக்கென்று ஒரு 'தகியா', அதாவது துறவியர் தங்குமிடமும் தொழுமிடமும் சேர்ந்த ஒரு மனை, நகரில் அமைந்தது. இன்றைய காஷ்மீரி பள்ளிவாசல் அதன் தொடர்ச்சியே.

லாசாவில் அவர்களுக்கு இருந்த மதிப்பைக் காட்ட ஒரு சொல் போதும். திபெத்திய மொழியில் முஸ்லிமைக் குறிக்கும் 'கச்சே' என்னும் சொல் காஷ்மீரம் என்னும் பெயரின் திரிபு. 17ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் தலாய் லாமா அவர்களுக்கு லாசாவின் புறத்தே நிலம் வழங்கினார் என்றும், நாற்றிசையிலும் எய்யப்பட்ட அம்புகள் விழுந்த எல்லைவரை அந்நிலம் அளக்கப்பட்டது என்றும் திபெத்திய முஸ்லிம்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். அங்கே பள்ளிவாசலும் அடக்கத்தலமும் அமைந்தன.

அதே நூற்றாண்டில் காத்மாண்டுவை ஆண்ட பிரதாப மல்லர் 1654இல் அனுமான் டோக்கா அரண்மனைச் சுவரில் 15 எழுத்து வடிவங்களைக் கொண்ட ஒரு கல்வெட்டைப் பொறித்தார். அவற்றுள் பாரசீக எழுத்தும் ஒன்று. வணிகர் கொண்டுவந்த மொழி அரண்மனைச் சுவரிலேயே இடம்பெறும் அளவுக்கு அந்நகருக்குப் பழக்கமாகியிருந்தது. பின்னர் 1670இல் அம்மன்னர் தம் மறைந்த மகனின் நினைவாக வெட்டுவித்த குளமே மேலே குறிப்பிட்ட ராணி போகரி.

சோதனைக் காலம்

1768இல் கோர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷா காத்மாண்டுவைக் கைப்பற்றினார். அயல்நாட்டு வணிகர்களை அவர் ஐயத்தோடு நோக்கினார். வரிச்சுமையும் கெடுபிடியும் பெருகவே பலர் வெளியேறினர். 1774இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராகத் திபெத் சென்ற ஜார்ஜ் போகல், நேபாளத்தில் காஷ்மீரிகளின் வணிக இல்லங்கள் இரண்டே எஞ்சியுள்ளன என்றும், அவர்களையும் மன்னர் வெளியே விட மனமின்றிப் பிணை கேட்டுப் பிடித்து வைத்துள்ளார் என்றும் பதிவு செய்தார். இதில் ஒரு முரண் உள்ளது. ஐயுற்ற மன்னரே அவர்களை இழக்க விரும்பவில்லை. அவர்களுடைய வணிகத் தொடர்பும் நாணயமும் அரசுக்குத் தேவைப்பட்டன.

ராணா ஆட்சியின் கீழ் 1854இல் இயற்றப்பட்ட 'முலுகி ஐன்' என்னும் சட்டத்தொகுப்பு, குடிமக்களைச் சாதியடுக்கில் வரிசைப்படுத்தியது. அதில் முஸ்லிம்களுக்குக் கிடைத்த இடம் தாழ்வானது. அவர்கள் கையால் உயர்சாதியினர் நீர் வாங்கக் கூடாது என்பது சட்டம். எனினும் அந்தக் கையிலிருந்து வளையலும் மணியும் வாங்கினர். காத்மாண்டுவின் பழைய அங்காடியான இந்திர சோக்கில் 'போத்தே' எனப்படும் கண்ணாடி மணிமாலைகளைக் கோத்து விற்கும் கடைகள் உள்ளன. அந்த மாலை, மணமான இந்துப் பெண்கள் அணியும் மங்கலச் சின்னம். அதைக் கோத்து விற்கும் தொழிலைப் பல தலைமுறைகளாகச் செய்துவருவோர் முஸ்லிம்கள். தமேலிலிருந்து கால்மணி நேர நடையில் அக்கடைகளைக் காணலாம். அந்நாட்டுப் பெண்ணின் கழுத்தில் விளங்கும் மங்கல மாலையை ஒரு முஸ்லிம் கோத்துத் தருகிறார். அவளும் மனம் கோணாமல் பெற்று அணிகிறாள். சட்டத்தால் வழங்க இயலாத மதிப்பை அங்காடி வழங்கியிருக்கிறது.

அதே காலத்தில் மற்றொரு பெருந்துயரமும் காத்மாண்டுவை வந்தடைந்தது. 1857 கிளர்ச்சியில் அவத் நாட்டின் தலைமை ஏற்றுப் போராடிய பேகம் ஹஸ்ரத் மஹல், தோல்விக்குப் பின் தம் மகனுடன் நேபாளத்தில் அடைக்கலம் புகுந்தார். லக்னோவை வெல்ல ஆங்கிலேயருக்குப் படையுதவி செய்த ஜங் பகதூர் ராணாவே அவருக்குத் தங்க இடமும் அளித்தார். 1879இல் பேகம் காத்மாண்டுவிலேயே காலமானார். கண்டாகர் அருகே உள்ள ஜாமிஆ பள்ளிவாசல் வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். தமேலுக்குச் செல்வோரில் எத்தனை பேர் அந்த எளிய கப்ருக்கு முன் நின்று அவருக்காகத் துஆச் செய்கின்றனர்?

இன்றைய தமேல் உருவானது

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தமேல் நகரின் ஓரப்பகுதியாகவே இருந்தது. ராணா குடும்பத்தாரின் மாளிகைகள் அங்கே இருந்தன. 1920இல் கைசர் ஷம்ஷேர் அமைத்த கனவுத் தோட்டம் அக்காலத்தின் எச்சம். 1951இல் ராணா ஆட்சி முடிந்து நாடு வெளியுலகுக்குத் திறந்த பிறகும், மேலைநாட்டு இளைஞர்கள் திரண்ட இடம் பழைய அரண்மனையை அடுத்த ஜோச்சேன் தெரு. அரசு உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் அங்கே வெளிப்படையாக இயங்கின. 1973இல் அரசு அவ்வுரிமங்களை நீக்கிற்று; அந்தக் கூட்டம் கலைந்தது. மறுபுறம், 1960களின் பிற்பகுதியில் கர்ண சாக்கியர் என்பார் தமேலில் ஒரு பழைய மாளிகையைக் காத்மாண்டு கெஸ்ட் ஹவுஸ் என்னும் விடுதியாக மாற்றியிருந்தார். மலையேற வந்த புதிய வகைப் பயணிகள் அவ்விடுதியைச் சுற்றித் தங்கத் தொடங்கினர். கடைகள் பெருகின, கடைகளைத் தொடர்ந்து இரவுக் கூடங்களும் பெருகின.

1990க்குப் பின் காஷ்மீரத்தில் வன்முறை மூண்டு, சுற்றுலாவும் கைத்தொழில் விற்பனையும் நலிந்தபோது, அங்கிருந்து வணிகர் பலர் காத்மாண்டு வந்து தமேலிலும் அரண்மனைச் சாலைப் பகுதியிலும் சால்வை, கம்பளம், காகிதக்கூழ்க் கலைப்பொருள் கடைகளைத் திறந்தனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய முன்னோர் வந்த அதே நகருக்கு, ஏறத்தாழ அதே சரக்கோடு அவர்கள் வந்தனர்.

ஈரமான தானியமும் போலிச் சால்வையும்

தமேலில் அதிகம் விற்கும் பொருளும் அதிகம் ஏமாற்றப்படும் பொருளும் பஷ்மினாவே. உண்மையான பஷ்மினா, ச்யாங்ரா எனப்படும் மலையாட்டின் அடிமயிர். குளிர்காலத்தில் வளரும் அம்மயிரின் பருமன் 16 மைக்ரானுக்கும் குறைவு. 1990களின் இறுதியில் உலகெங்கும் இச்சால்வைக்கு மோகம் எழுந்தபோது நேபாளத்தில் தறிகள் பெருகின. சில ஆண்டுகளில் ஏற்றுமதி சரிந்தது. விஸ்கோசும் அக்ரிலிக்கும் பஷ்மினா என்னும் பெயரில் சந்தையை நிரப்பியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பின்னர் நேபாள உற்பத்தியாளர்கள் 'ச்யாங்ரா பஷ்மினா' என்னும் வணிக முத்திரையை உருவாக்கி, இழந்த நம்பிக்கையை மீட்க முயல வேண்டியதாயிற்று.

இச்செய்தியை வாசிக்கும்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நிகழ்ச்சி நினைவுக்கு வராமலிருக்காது. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அண்ணலார் எச்சரித்தார்கள். போலிச் சால்வையின் மேல் ஒட்டப்படும் சீட்டும் அந்த ஈரத்தை மறைக்கும் காய்ந்த மேலடுக்குத்தான். நூலிழை ஒன்றைக் கொளுத்தினால் உண்மையான பஷ்மினா மயிர் கருகும் நாற்றம் தரும். அக்ரிலிக் உருகிக் கட்டியாகும். விஸ்கோஸ் காகிதம் எரிவதுபோல் எரியும். வாங்குவோர் இதை அறிந்திருப்பது நன்று. விற்பவர் முஸ்லிமாயின், வாங்குபவர் கேட்பதற்கு முன்பே உண்மையைச் சொல்வது அவர்மீது கடமை. ஏனெனில் அவர் கடையின் பெயர்ப்பலகையில் அவருடைய பெயரோடு அவருடைய சமுதாயத்தின் பெயரும் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பெயர் எவ்வளவு எளிதில் ஆபத்துக்குள்ளாகும் என்பதைக் காத்மாண்டு முஸ்லிம்கள் கண்டனர். 2004 ஆகஸ்ட் இறுதியில் ஈராக்கில் ஓர் ஆயுதக் குழு 12 நேபாளத் தொழிலாளர்களைக் கொன்றது. வயிற்றுப் பிழைப்புக்காகச் சென்ற ஏழைகள் அவர்கள். மறுநாள், செப்டம்பர் 1 அன்று, சீற்றம் கொண்ட கூட்டம் காத்மாண்டுவில் ஜாமிஆ பள்ளிவாசலைத் தாக்கித் தீவைத்தது. அக்கொடுமையைச் செய்தோருக்கும் கண்டாகரில் தொழுவோருக்கும் எத்தொடர்பும் இல்லை. எங்கோ ஒருவர் அமானிதத்தை முறித்தால் மற்றோரிடத்தில் நிரபராதிகள் அதற்கு விலை கொடுக்கின்றனர். எனினும் அச்சமூகம் நகரை விட்டு ஓடவில்லை. கடைகளைத் திறந்தது, அண்டை வீட்டாரோடு வாழ்ந்தது. பள்ளிவாசலில் இன்றும் ஐவேளை பாங்கு ஒலிக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி நேபாள மக்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள்.

இரவின் மறுபக்கம்

தமேலின் இரவைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. மது, போதை, தகாத கேளிக்கை ஆகியவை அங்கே உள்ளன. மார்க்கம் தடுத்தவை இமயத்தின் உயரத்தில் ஏறியதால் ஆகுமானவை ஆகிவிடா. ஆயினும் அங்குப் பணிபுரிவோரை இழிவாகப் பேசுமுன் ஒன்றை அறிய வேண்டும். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது சிற்றூர்களிலிருந்து ஏராளமானோர் தலைநகருக்குப் பெயர்ந்தனர். வேறு வழியின்றி நடனக்கூடங்களிலும் இரவு உணவகங்களிலும் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண்கள் பலர். அவர்கள் சுரண்டலுக்கும் தொல்லைக்கும் ஆளாவதைத் தடுக்க 2008இல் நேபாள உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் வழங்க நேர்ந்தது. பார்வையைத் தாழ்த்துமாறு ஆண்களுக்குத் திருமறை இடும் கட்டளையில் பார்க்கப்படும் பெண்ணின் கண்ணியமும் காக்கப்படுகிறது. அக்கூடங்களை நிரப்பும் பணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் ஆண்களின் பணம். அதில் முஸ்லிமின் பணம் ஒரு ரூபாய்கூடச் சேரக் கூடாது.

அப்படியானால் அங்கே போகலாமா, கூடாதா? அறியாமைக் காலத்தில் உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் என்னும் சந்தைகள் அரபகத்தில் கூடின. சிலை வணக்கமும் வீண் பெருமையும் அக்காலச் சூழலாக இருந்தன. இஸ்லாம் வந்தபின், ஹஜ் காலத்தில் அச்சந்தைகளில் வணிகம் செய்வது பாவமோ என்று நபித்தோழர்கள் அஞ்சினர். இறைவனின் அருளைத் தேடுவதில் குற்றமில்லை என்று அல்பகரா அத்தியாயத்தின் 198ஆம் வசனம் அவர்களுடைய தயக்கத்தை நீக்கிற்று. அண்ணலாரும் அச்சந்தைகளுக்குச் சென்று மக்களைச் சந்தித்தவர்களே. அதே வேளையில் இறைவனுக்கு மிக விருப்பமான இடங்கள் பள்ளிவாசல்கள் என்றும், மிக வெறுப்பானவை கடைத்தெருக்கள் என்றும் அவர்கள் உணர்த்தியுள்ளார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குரிய நெறி விளங்கும். தேவைக்காகச் செல்லலாம், ஆனால் எச்சரிக்கையோடு செல்ல வேண்டும். காஷ்மீரத்து வணிகர்கள் அங்காடியில் பொருளீட்டினர். அதற்கு நடந்தே செல்லும் தொலைவில் தொழுமிடத்தையும் அமைத்துக்கொண்டனர். ஐந்நூறு ஆண்டுகள் அவர்களைக் காத்தது அந்த ஏற்பாடு.

தமேலுக்குச் செல்லும் சகோதரர்கள் தங்கும் விடுதியைத் தேர்ந்து எடுங்கள். மதுக்கூடத்தோடு ஒட்டியிராத அமைதியான விடுதிகள் அங்கே உண்டு. ஹலால் உணவகங்களும் உண்டு. விலை பேசுங்கள், ஆயின் நெசவாளரின் கூலியைத் தின்னும் அளவுக்குப் பேசாதீர்கள். லுஹரோ அஸரோ ஒரு வேளையேனும் கண்டாகர்ப் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழுங்கள். அங்கே உறங்கும் பேகத்துக்கும், பெயர் தெரியாத அப்பழைய வணிகர்களுக்கும் துஆச் செய்யுங்கள். அவர்கள் ஈட்டிய நற்பெயரைக் கொண்டுதான் இன்று அத்தெருவில் ஒரு முஸ்லிம் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று உரக்கச் சொல்ல முடிகிறது.

வாங்குவதிலும் விற்பதிலும் வாக்கிலும் பார்வையிலும் அமானிதம் பேணுவோராக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.